கோடாரி கேட்டவர்களுக்குக் காசோலை

இந்தியக் குடியரசு 2 ரூபாய்க்குக் காசோலை எழுதியிருக்கிறது. இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் ஏறி, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தென்னையையும் பாக்கையும் சாய்த்துவிட்டுப் போனது. ஓராண்டு கடந்து இழப்பீடு வந்து சேர்ந்தபோது, லிட்டில் அந்தமானின் ஹட்பே பகுதியில் கைக்கு வந்த காசோலைகளில் 2 ரூபாய்க்கு எழுதப்பட்டதும் இருந்தது. வெளிநாட்டுச் செய்திகள் வரை அந்தக் கதை போனது. நாடாளுமன்றம் அதனால் ஒன்றும் ஒத்திவைக்கப்பட்டுவிடவில்லை.

அந்தக் காசோலைமேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 2 ரூபாய்க் காசோலை தானாக எழுதிக்கொள்ளாது. ஒருவர் தோட்டத்துக்குப் போய், இல்லாமல் போன மரங்களை எண்ணியிருக்க வேண்டும். இன்னொருவர் பரப்பளவை விகிதத்தால் பெருக்கி, பங்குதாரர் எண்ணிக்கையால் வகுத்திருக்க வேண்டும். எழுத்தர் பட்டியல் தயாரிக்க, கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போட, அதிகாரி முழுக் கையெழுத்துப் போட, கருவூலத்தில் டோக்கன் விழுந்து, பதிவேட்டில் எண் ஏறி, கப்பலேறிப் போயிருக்க வேண்டும். வழியில் எத்தனை கண்கள் அந்த எண்ணைப் பார்த்திருக்கும்! ஒருவருக்காவது கை கூசியிருக்க வேண்டாமா? "சார், இது 2 ரூபாய் சார்" என்று ஒரு வாய் திறந்திருக்க வேண்டாமா? திறக்காது. 2 என்பது கணக்குப்படி சரியான விடை. அதை 200 ஆக்கியிருந்தால் தணிக்கையில் மாட்டுவார்கள். 2 ஆகவே அனுப்பினால் ஓய்வூதியம் பத்திரம். மனிதத்தன்மைக்குத் தணிக்கைத் தடை உண்டு, கேவலத்துக்குக் கிடையாது.

அந்தக் காசோலையைக் காசாக்க வேண்டுமென்றால் வங்கிக்குப் போக வேண்டும், கணக்குத் தொடங்க வேண்டும், கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும். கையில் அவ்வளவு இருந்தால் அவர் ஏன் இழப்பீட்டுக்கு நிற்கிறார் என்று கேட்கிற விவரம்கெட்டவர்கள் அரசு வேலைக்குச் சேர முடியாது. ஆண்டறிக்கையில் மட்டும் எல்லாம் சுபம். அங்கே அவரும் ஒரு பயனாளி. 2 லட்சம் வாங்கியவரும் ஒரு பயனாளி. தலைக்கு ஒன்று.

சரி, சிரித்தாயிற்று. 2 ரூபாய்க் காசோலையில் நடந்தது சின்ன அநியாயம். பெரிய அநியாயம் பெரிய காசோலைகளில் நடந்தது, இன்னும் தெற்கே, நிக்கோபாரில்.

நம்மவர்களில் பலருக்கு அந்தமான் என்றால் செல்லுலார் சிறை, ஹேவ்லாக் கடற்கரை, திரும்பி வரும்போது சங்கு, சிப்பி. (ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். தீவுகளுக்கு டெல்லி தடையில்லாமல் அனுப்புகிற ஒரே நிவாரணப் பொருள் பெயர்தான்.) நிக்கோபாருக்குச் சுற்றுலா கிடையாது. 1956-ன் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி வெளியாள் போக அனுமதி வேண்டும். தமிழர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, எனக்கு 5,25,000 பேர், உனக்கு 3,00,000 பேர் என்று பங்கு பிரித்துக்கொண்டார்களே, அந்தக் கணக்கில் இந்தியாவின் பங்குக்கு வந்தவர்கள். மனிதர்களைத் தொகையாக எழுதும் பழக்கம் நம் அரசுகளுக்குச் சுனாமியோடு வந்ததல்ல.

நிக்கோபாரிகளுக்கு வருவோம். சுனாமிக்கு முன் அவர்களில் பெரும்பாலானோர் கையில் ரொக்கம் புழங்கியது குறைவு. வறுமைக்கோட்டை ரூபாயில் வரைகிறவர்கள் அவர்களைப் பரம ஏழை என்றுதான் எழுதுவார்கள். ஆனால் தென்னை இருந்தது. இளநீர் குடிக்க, தேங்காய் பன்றிக்குப் போட, மிஞ்சியதை உடைத்து நெருப்பில் காயவைத்துக் கொப்பரையாக்கி வியாபாரியிடம் கொடுத்து, பதிலுக்கு அரிசி, சர்க்கரை, துணி, மண்ணெண்ணெய் வாங்க. பன்றிதான் சேமிப்பு, விருந்தும் விழாவும் அதைக்கொண்டுதான். நிலம் ஒருவர் பேரில் கிடையாது. கார் நிக்கோபாரில் துஹேத் என்பார்கள்: பல சிறு குடும்பங்கள் சேர்ந்த பெருங்குடும்பம். தோட்டம் அதற்குச் சொந்தம், பன்றி அதற்குச் சொந்தம், பிள்ளைகளும் ஏறக்குறைய அதற்குத்தான் சொந்தம். யார் எந்த மரத்தில் ஏறலாம், யாருக்கு எவ்வளவு என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒருவன் வீட்டில் அடுப்பு எரியாமல் பக்கத்து வீட்டில் எரிய வழியில்லாத ஏற்பாடு. வட்டாட்சியர் இல்லை, வருமானச் சான்றிதழ் இல்லை, ஈ-சேவை மையம் இல்லை. எப்படித்தான் உயிர் வாழ்ந்தார்களோ!

கடல் வந்தது. தீவுகளில் இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் அரசுக் கணக்கில் சுமார் 3,500 பேர், பெரும்பகுதி நிக்கோபாரில். நிலநடுக்கத்தில் நிலமே அமிழ்ந்தது. இந்திரா முனையின் கலங்கரை விளக்கத்தின் அடிவாரம் கடலுக்குள் போனது. டிரிங்கெட் தீவு துண்டுகளாக உடைந்து, அதன் மக்கள் கமோர்ட்டாவுக்கு வந்தார்கள். தோட்டங்கள் உப்பில் வெந்தன. புதிதாகத் தென்னை வைத்தால் காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும்.

இந்த இடத்தில் அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதுதான் முக்கியம். நிக்கோபாரில் சுனாமிக்கு முன்பிருந்தே ஆய்வு செய்துவந்த மனிதச் சூழலியலாளர் சிம்ரன் ஜித் சிங் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் கேட்டது கருவிகள். கோடாரி, அரிவாள், ரம்பம் கொடுங்கள். வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம், தோணியை நாங்களே குடைந்துகொள்கிறோம், தோட்டத்தை நாங்களே திருத்திக்கொள்கிறோம் என்பதுதான் சாரம். பெண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றவர்கள் கேட்டது இவ்வளவு.

அரசுக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது. பேரிடர் என்பது என்ன விளையாட்டா? ஆயிரக்கணக்கான கோடி அறிவிப்பு இருக்கிறது, உலகமே உதவி செய்யத் துடிக்கிறது, தொண்டு நிறுவனங்கள் பதாகையோடு போர்ட் பிளேரில் வரிசை கட்டி நிற்கின்றன. இவர்கள் கோடாரி கேட்கிறார்கள்! கோடாரியை எந்தத் தலைப்பில் செலவெழுதுவது? திறப்பு விழா எப்படி நடத்துவது? கோடாரிக்கு ரிப்பன் கட்டினால் புகைப்படத்தில் நன்றாகவா இருக்கும்?

ஆகவே அவர்களுக்குத் தகரம் போனது. பூமத்தியரேகைக்கு அருகே, வெயில் காயும் தீவில், தகரக் கூரையும் தகரச் சுவருமாக வரிசைக் கொட்டகைகள். காற்று நுழையக் கால்களின்மேல் வீடு கட்டி வாழ்ந்தவர்களை அதற்குள் வைத்து ஆண்டுக்கணக்கில் அவித்தார்கள். அதற்கப்புறம் நிரந்தர வீடுகள்: தீவுகள் முழுவதற்கும் 9,797, அதில் நிக்கோபார் மாவட்டத்துக்கு மட்டும் 7,001. அந்த 1 என்னை யோசிக்க வைக்கிறது. 7,001 என்று மொய் எழுதுவதுபோல் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கான பொருள்கள் கடல் தாண்டி வந்தன. தலைமுறை தலைமுறையாகத் தன் வீட்டைத் தானே கட்டியவன், பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கட்டுவதை வேடிக்கை பார்த்தான். வீடு ஒவ்வொன்றும் சிறு குடும்பம் ஒன்றுக்கு. துஹேத்துக்கு அறை ஒதுக்க வரைபடத்தில் இடமில்லை.

நாமும் சளைத்தவர்களில்லை. நாகப்பட்டினத்தில் அப்போது சாலையோரம் மலைபோல் குவிந்து கிடந்த பழந்துணிகளைப் பார்த்தவர்களுக்கு, கொடுக்கிறவன் தன் பரணைக் காலி செய்வதற்கும் உதவிக்கும் உள்ள தூரம் தெரியும்.

துணி மக்கிப்போகும், தகரம் துருப்பிடிக்கும். பணம் அப்படியில்லை. இறந்தவருக்குப் பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 1 லட்சம் என்று அறிவிப்பு; அதற்கு மேல் தோட்டத்துக்கு, வீட்டுக்கு, காயத்துக்கு என்று பல தலைப்புகள். ரொக்கம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. கேள்வி அதை எப்படி, யார் கையில் கொடுப்பது என்பதுதான். அதற்குத்தான் படிவம் இருக்கிறதே! இந்திய அரசின் ஒரே வற்றாத ஆறு அது. ஒரு நிக்கோபார்ப் பெரியவர் அந்தப் படிவத்தின் எதிரில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுத்தர் கேட்கிறார்.

"குடும்பத் தலைவர் பேரு சொல்லுங்க பெரியவரே."

அவர் துஹேத்தின் தலைவர் பெயரைச் சொல்கிறார்.

"அவர் இல்லைங்க. உங்க குடும்பத்துக்கு, நீங்க, உங்க சம்சாரம், பிள்ளைங்க, அதுக்கு."

"அதெல்லாம் சேர்ந்ததுதான் அவர் குடும்பம்."

"கட்டத்துல நாலு பேருக்குத்தான் இடம் இருக்கு. சரி, உங்க பேரையே போடறேன். நிலம் எவ்வளவு?"

"நிலம் என்னோடது இல்ல. எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னு எழுத முடியாது. உங்க பங்கு எவ்வளவு? எல்லை எது?"

"அந்த மரத்துக்கும் இந்த மரத்துக்கும் நடுவுல."

"எந்த மரம்?"

"கடல் கொண்டுபோயிடுச்சு."

"ஆவணம் இல்லைன்னு போட்டுக்கறேன். வங்கிக் கணக்கு எண்?"

பெரியவர் பேசாமல் இருக்கிறார். எழுத்தர் மைப்பெட்டியை நகர்த்துகிறார். கட்டைவிரல் ஒன்று மட்டும் படிவத்தோடு முழுதாக ஒத்துப்போகிறது.

அந்த எழுத்தர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கட்டத்தை நிரப்ப வந்தவர். கட்டத்தைப் போட்டவர் டெல்லியில் இருந்தார், குளிர்சாதன அறையில். குடும்பம் என்றால் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை என்று குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்திலிருந்து பாடம் படித்தவர் அவர். அவர் போட்ட ஒரு கோட்டில் துஹேத் உடைந்தது. தோட்டம் பொதுவாக இருந்தவரை அண்ணன் பங்கு எது, தம்பி பங்கு எது என்ற பேச்சே எழவில்லை. இழப்பீடு என்று வந்ததும் எழுந்தே தீர வேண்டியிருந்தது. யார் மரம் எத்தனை, யார் பெயரில் காசோலை, யார் பெயர் விட்டுப்போனது? பெரியவர்கள் பங்கிட்டுக் கொடுத்த இடத்தில், கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் இளைஞன் முடிவெடுத்தான். சுனாமியில் தப்பிய குடும்பங்கள் சுனாமி நிவாரணத்தில் பிளந்தன. சிங்கும் அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்களும் விரிவாக எழுதியிருக்கும் விஷயம் இது. இதைப் பற்றி ரஃபேல் பார்த் எடுத்த ஆவணப்படத்துக்கு இரண்டாம் வெள்ளம் என்றே பெயர்.

பணம் வந்தால் வியாபாரி வராமல் இருப்பாரா? மோட்டார் சைக்கிள் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. கைப்பேசி வந்தது. கொட்டகையில் சும்மா உட்கார வைக்கப்பட்டவர்களைத் தேடிச் சாராயமும் வந்தது. ஆண்டுக்கணக்கில் இலவச அரிசி. செய்ய வேலை இல்லை. தோட்டம் வைக்கக் கருவியும் தொடக்கத்தில் இல்லை. கையில் வாழ்க்கையில் பார்த்திராத தொகை. இந்த நிலையில் டெல்லியின் எந்தக் கூடுதல் செயலாளரைக் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் அவரும் முதல் மாதம் மோட்டார் சைக்கிள், இரண்டாம் மாதம் பாட்டில் என்றுதான் போயிருப்பார். கொஞ்சம் உயர்ந்த பாட்டில், அவ்வளவுதான் வித்தியாசம்.

சில ஆண்டுகளில் பணம் தீர்ந்தது. பணம் தீர்ந்தபோது தேங்காய் இன்னும் காய்க்கவில்லை. பெட்ரோல் வாங்கவும் ரீசார்ஜ் செய்யவும் ரொக்கம் தேவைப்படும் வாழ்க்கை மட்டும் நிலைத்தது. தன் தோட்டத்துக்குத் தானே எஜமானாக இருந்தவன் தினக்கூலிக்கும் அரசு வேலைக்கும் கை நீட்டினான். காசில்லாமல் குறைவின்றி வாழ்ந்த சமூகத்தைக் காசு கொடுத்து ஏழையாக்கிக் காட்டிய சாதனை உலகில் வேறெங்காவது இவ்வளவு சுத்தமாக நடந்திருக்கிறதா, தெரியாது.

அதற்கப்புறம்தான் வருகிறது நம் ஆட்களின் தீர்ப்பு. "காசு கொடுத்தா குடிச்சே அழிச்சிடுவாங்க சார். இவங்களுக்கெல்லாம் கையில கொடுக்கவே கூடாது." நிக்கோபாரைப் பற்றிச் சொன்ன இதே வாக்கியத்தை, 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வந்தபோது நம்மூர் டீக்கடையிலும் கேட்டேன். சொன்னவர் பென்ஷன் வாங்குகிறவர். அகவிலைப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறாவிட்டால் சங்கத்துக்கு போன் போடுகிறவர். அவர் கணக்கில் மாதா மாதம் விழுவது நேரடிப் பணப்பரிமாற்றம் இல்லையாம், உரிமையாம். சித்தாள் வேலை செய்கிற பெண்ணுக்கு 1,000 விழுந்தால்தான் நாடு கெட்டுவிடும்.

இந்தக் குடிகாரக் குற்றச்சாட்டைப் பொருளியலாளர்கள் சும்மா விடவில்லை. உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் இவான்ஸும் அன்னா போபோவாவும் 2014-ல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஏழைகளுக்கு ரொக்கம் கொடுத்தால் சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு கூடுகிறது என்பதற்குப் பொதுவான சான்று இல்லை; குறைந்த இடங்களும் உண்டு. நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்தின் கிராமங்களில் 2011-ல் தொடங்கி சேவா அமைப்பு, யுனிசெப் உதவியோடு, ஒரு சோதனை நடத்தியது. ஊரில் ஒவ்வொருவருக்கும், பழங்குடிக் கிராமம் ஒன்றிலும் சேர்த்து, மாதா மாதம் ஒரு சிறு தொகை. பெரியவர்களுக்கு 200 ரூபாயில் ஆரம்பித்து 300. குழந்தைக்கு அதில் பாதி, தாய் கையில். நிபந்தனை ஒன்றும் கிடையாது. என்ன ஆனது? சாப்பாடு தேறியது, ஆடு மாடு கூடியது, கடன் சுமை குறைந்தது. குடி கூடவில்லை.

200 ரூபாயில் ஒரு கிராமம் நிமிர்ந்ததற்கும், லட்ச ரூபாயில் ஒரு தீவு சாய்ந்ததற்கும் காரணம் வாங்கியவர்களின் ஒழுக்கத்தில் இல்லை. அங்கே தொகை சிறியது, தவறாமல் வந்தது, ஆளுக்கு ஆள் தனியாக வந்தது, அவர்கள் ஏற்கெனவே செய்துவந்த உழவுக்கும் கால்நடைக்கும் தோள் கொடுத்தது. இங்கே பணம் மொத்தமாக, தாமதமாக, ஒருவன் பெயரில், அவன் தொழிலைப் பறித்து உட்கார வைத்த பிறகு வந்தது. உடன்பாடு கேட்கவில்லை, கேட்டதைக் கொடுக்கவில்லை, கேட்காததைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார்கள். கட்டைவிரல் ரேகை விழுந்த கணத்தில் அரசின் கடமை முடிந்தது. பணம் அவர்களுக்காக வந்தது என்று நினைக்கிறோம். அது அரசுக்காக வந்தது, கை கழுவ.

கொடுக்கும் முறையை வாங்குகிறவரிடம் கேட்பதில்லை என்ற வழக்கம் பழங்குடிகளுக்கு மட்டும் ஒதுக்கியது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. 2015-ல் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று, சண்டிகரோடு சேர்த்து அங்கே ஆரம்பித்தார்கள். அரிசி வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். ஆளுநர் மாளிகை பணம்தான் என்றது; அமைச்சரவை அரிசி என்றது; துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடியும் முதல்வராக இருந்த நாராயணசாமியும் கோப்பை இழுத்துக்கொண்டு நீதிமன்றம் வரை போனார்கள். மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில்தான் மறுபடி திறந்தன. அரிசி கேட்டதைக் காதில் வாங்க ஒரு யூனியன் பிரதேசத்துக்கு ஒன்பது வருடம். புதுச்சேரியில் ஓட்டு இருக்கிறது, சட்டமன்றம் இருக்கிறது. அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றமே கிடையாது. எல்லாத் தீவுக்கும் சேர்த்து ஒரே ஒரு மக்களவை உறுப்பினர். 2011 கணக்கெடுப்பில் நிக்கோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 36,842. பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிட 5,000-க்கு மேல் குறைவு. இந்த எண்ணிக்கைக்கு யார் பயப்படுவார்கள்?

அதே சமயம், கொடுக்க வேண்டிய இடத்தில் டெல்லியின் கை எவ்வளவு சிக்கனம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 60 வயது கடந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-ல் இந்திரா காந்தி பெயரைச் சூட்டியபோதும் 200, இன்றும் 200. 80 தாண்டினால் 500. மேலே மாநிலமோ யூனியன் பிரதேசமோ போட்டால்தான் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் சம்பளம் இதே காலத்தில் எத்தனை தரம் ஏறியது என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. 2019 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன், விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று கிசான் நிதி வந்தது. நிலம் தன் பேரில் உள்ள குடும்பத்துக்கு. நிலத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்ளாமல் நூற்றாண்டுகளாகப் பகிர்ந்து உண்டவன், அப்படி உண்டது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதை இந்த மாதிரித் திட்டங்கள் ஒவ்வொன்றும் வந்து அவனுக்குச் சொல்லிவிட்டுப் போகின்றன.

பணம் விரல் நுனியில் வருகிறது என்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடிக் கேபிளைப் பிரதமர் திறந்து வைத்தார். 2,300 கிலோமீட்டர், 1,200 கோடிக்கு மேல். நல்ல காரியம், குறை சொல்வதற்கில்லை. அந்தக் கேபிள் கரையேறிய பட்டியலில் கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உண்டு. சௌரா இல்லை, தெரசா இல்லை, நம் மலையகத் தமிழர் இருக்கும் கச்சாலும் இல்லை. தலைநகரிலிருந்து கேம்ப்பெல் பே போகக் கப்பலில் ஒன்றரை, இரண்டு நாள். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. கைரேகை பதியாமல் ஒருவர் திரும்பிப் போனால், அவர் மறுபடி வருவது அடுத்த கப்பலைப் பொறுத்தது. அரசுப் பதிவில் அந்தப் பணம் ஏற்கெனவே அவருக்குப் 'பரிமாற்றம்' ஆகிவிட்டிருக்கும்.

இதெல்லாம் இருபது வருடத்துக்கு முந்தைய கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். இப்போதுதான் தேவை. கிரேட் நிக்கோபாரில் 72,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிய பெருந்திட்டம் வந்துகொண்டிருக்கிறது: கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரம். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகிறது. பயப்பட வேண்டாம், காட்டுக்கும் இழப்பீடு உண்டு. அதற்கு ஈடாக மரம் நடுவது ஹரியானாவில் என்று முடிவானது. பூமத்தியரேகை மழைக்காட்டை வெட்டிவிட்டு அதன் கணக்கில் ஹரியானாவில் வரவு வைக்கிறார்கள். பெருங்கடல் ஆமை முட்டையிட வரும்போது கரை இல்லையென்றால், குருகிராம் வரை ஒரு நடை போய்வரச் சொல்லலாம். 2 ரூபாய்க் காசோலை எழுதிய கை இன்னும் பணியில்தான் இருக்கிறது. பதவி உயர்வு பெற்றிருக்கிறது.

மனிதர்களுக்கும் இழப்பீடு பேசப்படுகிறது. 1969 முதல் அங்கே குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நிலம் அளக்கப்படுகிறது. அவர்களில் தமிழர்களும் உண்டு. காட்டை வெட்டி ஊராக்கு என்று கொண்டுவந்து விட்டதும் அரசு; ஊரைக் காலி செய் என்று சொல்வதும் அரசு. நிக்கோபாரிகளின் நிலை இன்னும் மோசம். மேற்குக் கரையிலும் தெற்கிலும் இருந்த அவர்களின் ஊர்களிலிருந்து சுனாமிக்குப் பின் அவர்களைக் கேம்ப்பெல் பே பக்கம் ராஜீவ் நகருக்கும் நியூ சிங்கேனுக்கும் கொண்டுவந்தார்கள். தற்காலிகம் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 2022 ஆகஸ்டில் கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார் பழங்குடிக் கவுன்சிலிடம் தடையில்லாச் சான்று வாங்கப்பட்டது. அந்த நவம்பரிலேயே கவுன்சில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கடிதம் எழுதியது: முழு விவரம் சொல்லப்படவில்லை, தாங்கள் திரும்பிப் போகக் காத்திருக்கும் பூர்வீக நிலம் திட்டத்துக்குள் போகிறது என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுபடியும் பாருங்கள். 2005-ல் கோடாரி கேட்டார்கள். இப்போது ஊர் கேட்கிறார்கள். இரண்டு தரமும் காசு கேட்கவில்லை. கருவூலத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறவர்களை நம் நிர்வாகத்துக்கு எப்படிக் கையாள்வது என்று தெரியாது. கேட்டவர்களை எப்படியாவது பயனாளி ஆக்கிவிட்டால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

நீங்கள் ஒரு காரியம் செய்யலாம். 'பாதிக்கப்பட்டோருக்கு உரிய இழப்பீடு வழங்கப்படும்' என்று அடுத்த தரம் செய்தியில் வரும்போது, தொகை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், அந்த மக்கள் கேட்டது என்ன என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் செய்தியில் அது இருக்காது. கிரேட் நிக்கோபாரைப் பொறுத்தவரை தேட வேண்டிய சிரமம் இல்லை. கவுன்சிலின் கடிதத்தில் எழுதியே இருக்கிறது. சிங்கேன், கோகியோன், புலோ பக்கா, புலோ பாஹா, இன் ஹெங் லோய் ஆகியவை அந்த ஊர்களின் பெயர்கள். அங்கே திரும்பிப் போக அவர்களுக்கு இன்றுவரை வழி விடப்படவில்லை.